இடுப்பில் பெட்டி வைத்திருந்த டீச்சர்

முதல் ஒரு வாரம் அவரை நான் செக்கிங் ஆள் என்றே நினைத்திருந்தேன். காலை ஏழு பத்துக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் ஏறுவார். முன்படிக்கு அடுத்து இரண்டாவது சீட், ஜன்னலோரம். இடுப்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் கிளம்பிச் சேலை மடிப்புக்குள் போய்விடும். காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் போனை எடுத்துப் பார்ப்பார், சின்ன நோட்டில் எதையோ எழுதுவார். பத்தாவது வளைவில் மறுபடி எழுதுவார். இருபதில் மறுபடி. கொல்லிமலைக்கு மொத்தம் எழுபது வளைவு. மலை ஏறி முடிப்பதற்குள் எட்டுத் தடவை நோட்டைத் திறக்கிற பயணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாக அதே மலை ரூட். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுதுகிறவன் எதையாவது எழுதிக்கொடுத்துவிடுவான், பதில் சொல்லப் போகிறவன் நான். அதனால் அந்த ஒரு வாரமும் யாரையும் திட்டவில்லை. படியில் தொங்கியவர்களைக்கூட, "சாமி, சித்த உள்ள வாங்க சாமி" என்று கெஞ்சினேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, நீங்க எந்த ஆபீசுங்க?"

"ஆபீசு இல்லீங்க, ஸ்கூலு. வாழவந்தி நாட்டுல சயின்ஸ் டீச்சர்."

"அப்ப இடுப்புல அது?"

"இன்சுலின் பம்ப்புங்கண்ணா. எனக்கு சுகர்."

ஒரு வாரம் அநியாயத்துக்கு நல்லவனாக இருந்து தொலைத்துவிட்டேனே என்று எனக்கு வயிறெரிந்தது. அன்றைக்கு ஐந்தாவது வளைவு வருவதற்குள் படியில் நின்ற இரண்டு பேரைச் சேர்த்து வைத்துத் திட்டித் தீர்த்தேன்.

அவர் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. இப்போது மாற்றலில் வேறு ஊருக்குப் போய்விட்டார், அங்கே எந்தப் பஸ்ஸில் ஏறி எந்தக் கண்டக்டரின் உயிரை வாங்குகிறாரோ. எங்கள் வண்டியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தார், அண்ணனுக்கு மரவள்ளிக் காடு.

"இத்தனை சின்ன வயசுல எதுக்குங்க சுகரு? மிட்டாயி நெறயத் தின்னீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி என்று இப்போது தெரிகிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. கேள்வி என்று ஒன்று வந்தால் போதும், அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"அது வேறங்கண்ணா. இப்ப உங்க பஸ்ஸுல செக்கிங்காரரு ஏறுறாரு. டிக்கெட் வெச்சிருக்கிறவங்களையே பாத்து, நீ டிக்கெட் எடுக்கலைன்னு ஒவ்வொருத்தரா எறக்கி விட்டுடறாரு. அந்த மாதிரி என்ற ஒடம்போட காவல்காரங்களே, இன்சுலின் சொரக்கிற செல்லுகள எதிரின்னு நெனச்சு அழிச்சுட்டாங்க. பதினோரு வயசுல. இனிமே ஒடம்பு தானாச் சொரக்காது. இந்தப் பெட்டிதான் சொட்டுச் சொட்டா உள்ள விடுது."

"அப்ப கையில ஒட்டியிருக்கிறது?"

"அது சென்சாருங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சக்கரை எத்தனைன்னு போனுக்குச் சொல்லிரும்."

"எதுக்குத்தான் காவல்காரங்க அப்படிப் பண்ணுனாங்களாம்?"

அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "அதைத்தாங்கண்ணா இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல" என்றார். தன் உடம்புக்கு நேர்ந்ததை, பக்கத்து ஊரில் நடந்த ஒரு சுவாரசியமான சமாச்சாரம் போலச் சொன்னார். அண்ணன் தங்கைக்கு நகை எடுக்க வைத்திருந்த பணத்தில், நகை வேண்டாம் இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டவர் அவர். அதையும் அவர்தான் சொன்னார்.

கேட்பதுதான் அவர் குணம். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பார். பதில் தெரியாது என்று சொல்லிவிட்டால் நாம் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. "அப்ப பாத்துருவோம்ங்க" என்பார். இந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மலை ஏறி முடித்ததும் வருகிற சோளக்காட்டுக் கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் முதல் மாதமே காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பாக்கெட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினார். பத்து வளைவுக்கு ஒரு தடவை அதன் வயிற்றைச் சுற்றி நூல் போட்டு அளந்தார். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் உள்ளே இருக்கிற காற்று விரிகிறது என்று எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் இடுப்புக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுக்குள்ளயும் காத்துக் குமிழி இருந்தா அதும் பெருசாவுமில்லீங்களா? குமிழி பெருசானா மருந்தைத் தள்ளிருமே" என்றார். அன்று முதல் சோளக்காடு வந்ததும் குழாயில் குமிழி தேடுவது அவர் வழக்கமாகிவிட்டது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. "டீச்சர், குமிழி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீக்குப் போவேன்.

வாந்தி விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ரூட்டில் அது சகஜம், பின்சீட்டுக்கு அடியில் மண் வாளி எப்போதும் இருக்கும். ஒரு நாள் பன்னிரண்டாவது வளைவில் ஒரு அம்மா ஜன்னலில் தலையை விட்டு ஓங்கரித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் போய் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, "அக்கா, என்ன சாப்பிட்டீங்க? எப்ப சாப்பிட்டீங்க? ரோட்டப் பாத்தீங்களா, போனப் பாத்தீங்களா?" என்று விசாரித்தார். அந்த அம்மா தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், எனக்கே பயமாகிவிட்டது. ஆனால் ஒரு மாதம் நோட்டில் எழுதி, போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களும் பின்சீட்டுக்காரர்களும்தான் அதிகம் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்புறம் நான் மலைக்குப் புதிய ஆட்களை முன்னால் உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். மண் வாளிக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

நோட்டில் பாதிப் பக்கம் அவர் உடம்பைப் பற்றியது. சாமைச் சோறு தின்றால் எத்தனை ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, ராகிக் களி தின்றால் எத்தனை, அதே களியை ஆறவைத்துத் தின்றால் எத்தனை. ஒரு நாள் நாற்பத்தேழாவது வளைவில் எதிரே லோடு லாரி வந்து, இரண்டு வண்டியும் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்றன. எல்லோரும் சாமியைக் கூப்பிட்டார்கள். டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு ஏறியிருக்குங்கண்ணா, பயத்துக்கு" என்றார். இன்னொரு நாள், வளைவில் எழுந்து நின்றதற்காக அவரையே நான் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். மறுநாள் ஏறியதும் நோட்டைப் பிரித்துக் காட்டினார். "கண்டக்டரண்ணா சண்டை: முப்பத்தஞ்சு" என்று எழுதியிருந்தார்.

"லாரிய விட நீங்க பதிமூணு ஜாஸ்திங்க" என்றார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. "ஏனுங்கண்ணா, கீழ ரொப்புன பாட்டில் முப்பதாவது வளைவுலயே காலியாயிருது. எப்பவும் இத்தனை தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டார். "தொண்டையிலயே பொழைக்கிறவன் நானு, குடிக்காம? கம்முனு வாங்க, தண்ணிக்குமா நோட்டு போடுவீங்க" என்று எரிந்து விழுந்தேன். செருப்பில் உரசி உரசி என் கால் பெருவிரலில் ஒரு புண் இருந்தது. அதைப் பார்த்து, "இன்னும் ஆறலீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கும் இதே மாதிரி ஒரு பதில்தான் சொன்னேன். அவர் நோட்டை மூடிக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் எனக்கும் டிரைவருக்கும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "மருந்து ஜாஸ்தியாயிட்டா சக்கரை எறங்கிரும்ங்க. ஏறுறது மெதுவாக் கெடுக்கும், எறங்குறது உடனே கெடுக்கும். மூளைக்குச் சக்கரை போவாது. அப்ப எனக்கே எனக்கு என்ன ஆவுதுன்னு தெரியாது. பையில முன்பக்க ஜிப்புல குளுக்கோஸ் இருக்கு. கலக்கிக் குடுங்க."

"அதை நாங்க எப்புடிங்க கண்டுபுடிக்கிறது?"

சிரித்தார். "நான் கேள்வி கேக்காம வந்தன்னா பயந்துக்கங்க."

இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. மலை வேலைக்கு உத்தரவு வந்தபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். "மேல ஒரு தடவை, ஒரே தடவை மயங்கி உழுந்தீன்னா அன்னியோட சரி. வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்தரோணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எழுபது வளைவு தாண்டி, கேள்வி கேட்கிற அறுபது பிள்ளைகள் அவருக்கு இருந்தார்கள். அவர்களைவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று ஒரு நாள் சொன்னார்.

அது ஆனி மாதம். பலாப்பழம் மலையெல்லாம் குவிந்து கிடந்தது. சாயங்கால வண்டி சோளக்காட்டில் கால் மணி நேரம் நிற்கும். பழக்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், ஒரு பழத்தில் பாதியை அறுத்து எங்கள் பங்குக்குக் கொடுத்துவிட்டார். நான் சீட்டில் பேப்பரை விரித்து வைத்து, "டீச்சர், சுளை எடுத்துக் குடுங்க, நான் டிக்கெட்டப் பாக்கறேன்" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான். அவர் சந்தோஷமாக உட்கார்ந்து கையில் பால் ஒட்ட ஒட்டச் சுளை பிரித்தார். டிரைவருக்கு, எனக்கு, பக்கத்துச் சீட்டுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு, மீதியை டிபன் டப்பாவில் போட்டார். "மலைப் பலா ரெண்டு சுளை எத்தனை ஏத்துதுன்னு இன்னிக்குப் பாத்துருவோம்ங்க. முதல்ல தின்னுறதுக்கு முந்தி எத்தனைன்னு பாக்கோணும்" என்றார்.

கை பிசுபிசுவென்று இருந்தது. பலாப்பால் தண்ணீருக்குப் போகாது என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் தொட்டுத் துடைப்போம், பளிச்சென்று ஆகிவிடும். கடைக்காரரின் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலையும் துணியையும் வாங்கிக்கொடுத்தேன். அதையும் நான்தான் செய்தேன். அவர் விரல் விரலாகத் துடைத்துக் காட்டினார். துளி பிசுக்கு இல்லை.

அன்று மதியம் பள்ளிக்கூடக் கதவில் இடித்துக் கைச் சென்சார் பிய்ந்துபோயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும்தான் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார், அது விழித்துக்கொண்டு எண் காட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை விரலைக் குத்தித்தான் பார்க்கவேண்டும். ரத்தம் வைத்து மிஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் டப்பியில் கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது. குத்தினார், ஒரு துளி வைத்தார், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முன்னூத்தி எம்பத்தாறு" என்றார். "ஏன்?"

எனக்கு என்ன தெரியும்? "மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?"

"ஒரு டீச்சருக்குப் பொறந்தநாள். கேசரி குடுத்தாங்க. அதுக்கும் கணக்குப் போட்டுத்தான் மருந்து விட்டேன். கேசரி இவ்வளவு ஏத்துமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். வேறொரு நாளாக இருந்தால் இன்னொரு விரலைக் குத்திச் சரிபார்த்திருப்பார். ஸ்ட்ரிப் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். டீச்சர் பெட்டியில் அந்த முன்னூற்று எண்பத்தாறை அழுத்தினார், அது சொன்ன மருந்தை விட்டார். சுளையைத் தொடவில்லை. டப்பாவை மூடிப் பையில் வைத்தார்.

இறங்கும்போது வளைவுப் பலகை எழுபதிலிருந்து தொடங்கும். அறுபதில் பழக்கடைப் பூனையைப் பற்றி ஏதோ கேட்டார். நாற்பத்திரண்டில், பலாக்கொட்டை சுட்டால் ஏன் வெடிக்கிறது என்று கேட்டார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அப்பாடா, இன்றைக்காவது வாய் ஓய்ந்ததே என்று நினைத்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாற்பத்திரண்டிலிருந்து பதினெட்டு வரை, இருபத்து நான்கு வளைவு, நான் அந்த அமைதியை அனுபவித்துக்கொண்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்து வந்தேன்.

பதினெட்டில்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ஜில்லென்று காற்று அடிக்கிற ஜன்னலோரத்தில் அவர் சேலை வேர்வையில் நனைந்திருந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"டீச்சர்."

"டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார்.

"டீச்சர், என்னைப் பாருங்க."

"டிக்கெட் எடுத்துட்டனே. எடுத்துட்டேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தோளைத் தொட்டேன், என் கையைத் தட்டிவிட்டார். நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் கொடுத்தேன். டிரைவர் வளைவு தாண்டி மலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். முன்பக்க ஜிப்பைத் திறந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துவிட்டேன். கலக்கத் தண்ணீர் வேண்டும். என் பாட்டிலை எடுத்தால் ஒரு சொட்டு இல்லை. எல்லாவற்றையும் நானே குடித்திருந்தேன். டிரைவர் தன் பாட்டிலைத் தூக்கிப் போட்டார். மிளகு மூட்டையோடு வந்த அம்மா ஒருத்தி டீச்சரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "குடி கண்ணு, ஒரு வாய் முழுங்கு சாமி" என்று கெஞ்சக் கெஞ்ச, நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி சேலையில் போனது. பாதி உள்ளே போனது. மறுபடி கலக்கினேன்.

பத்து நிமிஷமா, கால் மணி நேரமா தெரியவில்லை. அவர் கண்ணைச் சிமிட்டிச் சுற்றிலும் பார்த்தார்.

"இது எத்தனாவது வளைவுங்க?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பயணிகளுக்கு முன்னால் நின்று அழுதேன். அவர் நடுங்குகிற விரலால் பெட்டியை நிறுத்தினார். அப்போதுதான் புதுச் சென்சார் விழித்து முதல் எண்ணைக் காட்டியது, நாற்பத்தொன்பது. "குடிச்சதுக்கப்புறமே இதுன்னா" என்று முணுமுணுத்தார். மருந்து இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், இன்னும் சக்கரை வேண்டும் என்றார். டப்பாவில் இருந்த பலாச்சுளையைத்தான் கீழே வரும் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

யாரோ போன் போட்டிருக்கிறார்கள். காளப்பநாயக்கன்பட்டி ஸ்டாப்பில் அண்ணன் வண்டியோடு நின்றார். நல்ல மனுஷன், கத்தவில்லை. தங்கச்சியைக் கைத்தாங்கலாக இறக்கினார். "போதும் கண்ணு. நான் சொன்னேனில்ல" என்றார். டீச்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். ஏழு மணிக்கு நாங்கள் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணனின் டூவீலர் வந்து நின்றது. பின்னால் டீச்சர், மடியில் ஒரு பை.

"ஏனுங்ணா, நேத்து என்ன நடந்துச்சுன்னு நீங்களே இவகிட்டச் சொல்லுங்க" என்றார் அண்ணன் என்னிடம். "வேலை வேண்டாம்னு எழுதிக் குடுன்னா, பத்து நிமிசம் டைம் குடு, பஸ் ஸ்டாப்புல ஒண்ணு காட்டறேங்கறா. ராவெல்லாம் ஒரே ரோசனை."

டீச்சர் பையைத் திறந்து டீக்கடை பெஞ்சில் பரப்பினார். பலாச்சுளை, தேங்காயெண்ணெய், துணி, சோப்பு, சக்கரை பார்க்கிற மிஷின், புது ஸ்ட்ரிப் டப்பி. "நேத்து ரத்தத்துல முன்னூத்தி எம்பத்தாறு இல்லவே இல்லீங்ணா. அது விரல்ல இருந்துச்சு" என்றார். "எண்ணெய்க்குப் பலாப்பால் போவும், சக்கரை போவாது. கை சுத்தமாத்தான் தெரியும். அந்தக் கையைக் குத்துனா ரத்தத்தோட பழச் சக்கரையும் சேந்து வரும். இல்லாத சக்கரைக்கு மருந்து விட்டுட்டேன். தப்பு ஒடம்புலயும் இல்ல, மலையிலயும் இல்ல. கைய சோப்புப் போட்டுக் கழுவல, அவ்வளவுதான்."

"நீ சொன்னா நான் நம்போணுமா?"

"நம்ப வேண்டாம். பாத்துருவோம். எனக்கு சுகர் இருக்கு, என்ற விரலைக் காட்டுனா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. சுகர் இல்லாத ஆளு ஒருத்தர் வேணும்."

நான் கையை நீட்டினேன். சுளையைப் பிரிக்கச் சொன்னவனும் எண்ணெய் எடுத்துக் கொடுத்தவனும் நான்தானே, இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி. சுளையைப் பிசைந்தேன், எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். டீச்சர் புது ஊசி மாட்டிக் குத்தினார். நானூற்று ஐம்பத்தெட்டு. அண்ணன் வாயைப் பிளந்துவிட்டார். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இப்பக் கழுவிட்டு வாங்க. நூத்திச் சில்லறைக்கு வந்துரும் பாருங்க" என்றார்.

டீக்கடைக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துடைத்துக்கொண்டு வந்தேன். வேறொரு விரல். மிஷின் எண்ணிவிட்டுக் காட்டியது. இருநூற்று எழுபத்தொன்று.

டீச்சர் என் கையைத் தானே பிடித்து இன்னொரு தடவை கழுவிவிட்டு, அடுத்த விரலைக் குத்தினார். இருநூற்று அறுபத்தெட்டு.

"பாத்தியா, மிஷினே கோளாறு" என்றார் அண்ணன். "இதை நம்பித்தான் நீ மருந்து ஏத்திக்கிறே. வண்டில ஏறு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

அந்த நேரத்தில் அவர், ஆமாம், சோப்புச் சரியாகப் போகவில்லை, இன்னொருத்தரைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன், வேலையும் அவருக்கு மிஞ்சியிருக்கும். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"அண்ணா, மிஷின்ல கோளாறு இல்லீங்க" என்றார் மெதுவாக. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறீங்க?"

"நாலு. அஞ்சு."

"கால் புண்ணு?"

நான் செருப்பைப் பார்த்தேன். "இன்னும் ஆறலீங்க."

"இதை வெச்சே முடிவு பண்ணக்கூடாது. ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துப் பாக்கோணும். ஆனா உங்களுக்குச் சுகர் இருக்கும்போலத் தெரியுதுங்க. என்னுது மாதிரி இல்ல, வேற வகை. மாத்திரையிலயே அடங்கலாம். நான் உங்ககிட்ட முன்னாடியே இன்னும் நல்லாக் கேட்டிருக்கோணும். நீங்க திட்டுனதும் நோட்ட மூடிட்டேன்." அவர் கண் நிறைந்துவிட்டது. தன் வேலை போகிறது என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், அப்புறம் தானே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினார். தொண்ணூற்று நான்கு. சுளையை எடுத்துப் பிசைந்தார், எண்ணெயில் துடைத்தார், அடுத்த விரலை நீட்டினார். முன்னூற்று அறுபது.

"ஏனுங்ணா," என்றார் என்னிடம், "எத்தனை வருசமா இதோட மலையேறி எறங்கறீங்க?"

"தெரியலையேப்பா."

"உங்கள ஒருத்தரும் நிறுத்தலையாங்க?"

"யாருக்குத் தெரியும், நிறுத்தறதுக்கு?"

அண்ணன் பெஞ்சில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். சோப்பைப் பேப்பரில் சுற்றித் தங்கச்சியின் பையில் போட்டார். "ஸ்ட்ரிப் ரெண்டு டப்பி வெச்சுக்க. ஒண்ணோட போவாதே" என்றார். அதுதான் அவர் கொடுத்த உத்தரவு.

டீச்சர் ஏறி, இரண்டாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது. அவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரவள்ளி தாண்டி முதல் வளைவு வந்தது. அவர் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினார். என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"கேளுங்க டீச்சர்" என்றேன்.

"காலைல என்னங்கண்ணா சாப்பிட்டீங்க?"

"டீ. ரெண்டு டீ. சக்கரை தூக்கலா."

எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வியைக் கேட்டார். எழுபதாவது வளைவு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுக்குக்கூட நான் எரிந்து விழவில்லை.